பாசி அண்ணனின் சரோஜா

மலேசியாவில் கோல சிலாங்கூரிலிருந்து ரவாங் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்ததும் "உள்ள யாரெல்லாம் இருக்கீங்க?" என்று விசாரிக்கிற மனிதர் பாசி அண்ணன் ஒருவர்தான்.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் நாங்கள் வேலை பார்த்த இறால் பண்ணையில் ஒரு கேமரா இயந்திரம் உண்டு. குளத்துத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத பாசிகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, திரையில் பெயரும் சொல்லும். புரியாவிட்டால் 'தெரியாது' என்று காட்டும். நாம் ஒரு பெயர் சொல்லிக் கொடுத்தால் அடுத்த முறை அதையே சொல்லும்.

"தெரியலன்னு ஒத்துக்கிற ஆளு இந்தப் பண்ணையிலயே இது ஒண்ணுதான்லா," என்பார் அண்ணன். ஈஜோக் ஊர்ச் சாக்கடை, கோயில் பூச்சாடி, என் வீட்டு மீன்தொட்டி என்று எந்தத் தண்ணீரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அண்ணிக்கு ஒரே ஒரு குறை. மதியச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் என்னிடம் புலம்புவார்: "பாசிக்கெல்லாம் முழநீளத்துக்குப் பேரு சொல்றாரு தம்பி. என்னைய மட்டும் 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவாரு."

ஆயுத பூஜை வந்தது. இயந்திரத்துக்கு மாலை போட்டு விபூதிப் பட்டை அடித்தார் அண்ணன். நெற்றி எது என்று பிடிபடாததால் கண்ட இடமெல்லாம் சந்தனப் பொட்டு. மறுநாள் எந்தக் குளத்துத் தண்ணீரை ஊற்றினாலும் படத்தில் மஞ்சளாக ஏதோ வந்தது. 'தெரியாது, தெரியாது' என்றது திரை.

விஷப்பாசியோ என்று பயந்து முதலாளி இறால் லோரியை நிறுத்திவிட்டார். "மத்தியானத்துக்குள்ள என்னன்னு சொல்லு. இல்லாட்டி மெஷினும் வேணாம், நீயும் வேணாம்."

அண்ணனோ துள்ளினார். "புதுப் பாசிடா! கண்டுபிடிச்சவன் வைக்கிறதுதான் பேரு!" கூச்சத்தோடு ஒரு பெயரைத் தட்டினார்: சரோஜா.

"யாருண்ணே சரோஜா?"

"ஒங்க அண்ணிதான்."

உறுதி செய்துகொள்ளக் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். அதிலும் சரோஜா. காய்ச்சி ஆறவைத்து ஊற்றினார். அப்போதும் சரோஜா. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன் இயந்திரத்தின் வாயை விரலால் வழித்து மோந்து பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"சந்தனம்லா."

சத்தமில்லாமல் கழுவிவிட்டு வேறு கதை சொல்லியிருக்கலாம். அவர் நேரே முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னார். பண்ணையே விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டதால் வேலை தப்பியது, லோரியும் கிளம்பியது. அந்தப் பெயரை மட்டும் அண்ணன் அழிக்கவில்லை.

அண்ணி சாப்பாட்டோடு வந்தார். சிரிப்பு அடங்காத அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் கூப்பிட்டார்: "சரோஜா, இங்க வா, வந்து பாரு."

அண்ணி திரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் இப்போது வேறு பண்ணையில். ஆயுத பூஜைக்கு இங்கே நான்தான் பொட்டு வைக்கிறேன், வாயிலும் கொஞ்சம் தாராளமாகவே. மறுநாள் திரையில் சரோஜா வந்ததும், ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் கழுவப் போவேன்.