மடிவீக்கத்துக்கு வேர் தேடியவர்

சொல்தோண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீடு பற்றி எரிகிறது, ஃபயர் சர்வீஸ் நம்பர் கொடுங்கள் என்று ஓடினால், 'சர்வீஸ்' லத்தீனில் அடிமை வேலை, தெரியுமோ என்று நாற்காலியை இழுத்துப் போடுகிற பேர்வழிகள். ஊருக்கு ஒருவராவது இருப்பார். இல்லாத ஊர் புண்ணியம் செய்த ஊர்.

ஒரத்தநாட்டுப் பக்கத்தில் பஞ்சநதம் இருக்கிறார். உரக்கிடங்கில் முப்பது வருஷம் ரசீது எழுதி ஓய்வு பெற்றவர். தலையணைத் தடிமனில் ஓர் அகராதி வைத்திருக்கிறார்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு மங்களாம்பிகை ஃபோனும் கையுமாக அவரிடம் ஓடினாள். வீட்டில் இருப்பது ஒரே கறவை. அதன் மடி கல்லாக இறுகி, கை வைத்தால் உதைத்தது. போட்டோ எடுத்து மாட்டு டாக்டருக்கு அனுப்பியிருந்தாள். பதில் இங்கிலீஷில் வந்திருந்தது.

"என்ன எழுதியிருக்காருன்னு சொல்லுங்க சார்."

பஞ்சநதம் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். முதல் சொல்லிலேயே முகம் மலர்ந்துவிட்டது.

"மாஸ்டைட்டிஸ். 'மாஸ்டோஸ்' கிரேக்கம்மா, மார்புன்னு அர்த்தம். 'ஐடிஸ்' விகுதி. வீக்கம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆதியில 'சார்ந்தது'ன்னுதான். வீக்கம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது."

"வீக்கம் முந்தாநாளே வந்துடுச்சுங்க. கீழ என்ன எழுதியிருக்கு?"

"இரும்மா."

ஆர்த்ரைட்டிஸ் வந்தது, அதன் மூட்டு வந்தது. காஸ்ட்ரைட்டிஸ் வந்தது, அதன் வயிறு வந்தது. அகராதி வந்தது, அதில் செருகியிருந்த கரண்ட் பில்லெல்லாம் விழுந்தது, பொறுக்கினார்கள். டாக்டரையே கூப்பிடலாம் என்று மங்களாம்பிகை இரண்டு முறை ஃபோனுக்குக் கை நீட்டினாள், அவர் இரண்டு முறையும் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பாவி மனிதர். பன்னிரண்டரைக்கு ஒருவழியாக இரண்டாவது வரிக்கு இறங்கினார். 'பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும். தாமதித்தால் காம்பு போய்விடும்.'

போய்விட்டது. பசு பிழைத்தது, ஒரு காம்பு செத்தது. மற்ற காம்புகளின் பாலையும், மருந்து கலந்ததென்று, கீழே கொட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் பஞ்சநதம் விசாரிக்க வந்தார். மங்களாம்பிகை மரியாதையாகக் காப்பி கொடுத்தாள். அவர் டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"கறுப்பா இருக்கே. பால் இல்லையாம்மா?"

"பாலுக்கு வேரு மடியில இருக்குங்க சார். நீங்க கிரேக்கத்துல தோண்டுனீங்க."

மனிதர் ஒரே மூச்சில் குடித்தார். காப்பி எந்த மொழிச் சொல் என்பதை வாசல்படி வரைக்கும் அடக்கி வைத்திருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சிரிக்கிறீர்கள். சரி. 'ஐடிஸ்' என்றால் முதலில் வீக்கமில்லையாமே, நிஜம்தானா என்று நடுவில் ஃபோனை எடுத்துத் தேடினீர்களே, அப்போது அந்தப் பசு பிழைக்குமா இல்லையா என்று உங்களுக்குத் தெரியுமா?