புலிச்சாமி சொன்ன தீர்ப்பு

இரண்டு நாளாவது மனிதனாக வாழ்ந்துவிட வேண்டும் என்று ஜின்ஃபா முடிவெடுத்தார்.

ஏழு மாதமாக அவர் மாடாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். காலையில் ஓட்ஸ். மதியம் வேகவைத்த கீரை. சாயங்காலம், மதியம் மிஞ்சிய கீரை. எல்லாம் அவருடைய வலது கால் கட்டைவிரலால் வந்த வினை. மச்சான் வீட்டு விருந்தில் வாத்தையும் நண்டையும் பீரையும் வஞ்சகமில்லாமல் உள்ளே தள்ளினார். மறுநாள் அந்த விரல் தக்காளி மாதிரி பழுத்து நின்றது. டாக்டர் "யூரிக் ஆசிட். கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுங்க" என்று ஒரே வாக்கியம்தான் சொன்னார். அந்த வாக்கியத்தை வைத்து அவர் மனைவி சூயின் ஒரு அரசியல் சட்டமே எழுதிவிட்டாள்.

ஜின்ஃபா நில அளவைத் துறையில் முப்பது வருஷம் கோடு போட்டவர். திட்டம் போடுவதற்குக் கேட்கவா வேண்டும்? தைனான் நகரத்து வரைபடத்தை விரித்தார். தைனானில் சந்துக்கு ஒரு கோயில். கோயிலுக்கு எதிரே, நான்கு தலைமுறையாக ஒரே பண்டத்தைச் செய்து பேர் வாங்கிய ஒரு கடை. சூயினுக்குக் கோயில் என்றால் உயிர். ஜின்ஃபாவுக்குக் கோயில் வாசல் என்றால் உயிர்.

இதில் அசல் சூட்சுமம் வேறு. சாமிக்குப் படைத்ததைக் குடும்பத்தார் சாப்பிட்டே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் குற்றம். படையல் வாழைப்பழம் கறுத்துப்போனாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறவள் சூயின். ஆக, பன்றிக் குழம்புச் சோற்றை சாமி வழியாக வாங்கிக்கொண்டால் எந்தச் சட்டம் தடுக்கும்?

"தைனானுக்கா? எதுக்கு?" என்றாள் சூயின்.

"கோயில் கும்பிடத்தான். வயசாகுதுல்ல."

"நீங்களா? நம்ம கல்யாணத்தன்னிக்கே என்னைக் கோயில் உள்ள விட்டுட்டு வாசல்ல நின்னு வறுத்த கணவாய் தின்ன ஆளாச்சே!"

"மனுஷன் திருந்தவே கூடாதா?"

"தாராளமாத் திருந்தலாம். ஆனா சாமி கும்பிடப் போறவரு எதுக்கு இடுப்புல ரெண்டு இஞ்ச் பெரிய பேன்ட்டா எடுத்து வச்சிருக்கீங்க?"

ஜின்ஃபாவுக்குச் சட்டென்று இருமல் வந்தது. இந்த மாதிரி சமயங்களில் அவருக்கு எப்போதும் வரும்.

தைபெயிலிருந்து காலை ரயிலைப் பிடித்துத் தைனானில் இறங்கியதும், சந்தேகம் வராமலிருக்க முதலில் ஊரைச் சுற்றிக் காட்டினார். சுற்றிக் காட்டினார் என்பது மரியாதைக்குச் சொன்னது. விரட்டினார்.

"இதான் பழைய கோட்டை. செங்கல். பாத்தாச்சா? போலாம்."

"இருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"செங்கல்லைப் போய் எதுக்குப் போட்டோ? நம்ம பால்கனில இருக்கு."

அடுத்தது, ஆலமரம் விழுங்கிய பழைய கிடங்கு. கூரையில் விழுதுகள், ஜன்னலில் வேர்கள், சுவர் இருந்த இடமெல்லாம் மரம். சூயின் அதன் எதிரில் அசையாமல் நின்றுவிட்டாள்.

"பாத்தீங்களா! சுவத்தை மரம் தாங்குதா, இல்ல இடிக்குதான்னே தெரியல. அசல் கல்யாணம் மாதிரியே இருக்கு."

"இதுல மரம் யாரு?"

"தெரியலைன்னா நீங்கதான் சுவரு."

அந்தத் தத்துவத்தை ஆராய ஜின்ஃபாவுக்கு நேரமில்லை. வாய்க்கால் ஓரத்து மண்சாமி கோயிலுக்கு எதிரே யாரோ இறால் சுருளைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு வாங்கினார். சூயினின் புருவம் கூரைக்கு ஏறியது.

"யாருக்கு இது?"

"சாமிக்குத்தான். பின்னே எனக்கா?"

தட்டை மேசையில் வைத்து, ஊதுபத்தி ஏற்றி, பாதி எரியும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூக்கை மூடவில்லை. பிறகு இரண்டு பிறைக்கட்டைகளை எடுத்து, சாமி சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுத் தரையில் போட்டார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. ஆமாம் என்று அர்த்தம்.

"சாப்பிட்டாச்சு! ஒரே போடுல சொல்லிட்டாரு!" என்று குதித்தார், கட்டைவிரலையும் மறந்து. "சூயின், இனிமே இது சாப்பாடு இல்ல. ஆசீர்வாதம். ஆசீர்வாதத்துல ஏது யூரிக் ஆசிட்?"

சூயின் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு சுருளை எடுத்து மென்றாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். மீதி ஏழு ஆசீர்வாதங்களும் ஜின்ஃபாவுக்குள் இறங்கின.

முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு மனைவி பேசினால் பயப்படத் தெரிந்திருந்தது. பேசாவிட்டால் பயப்பட வேண்டும் என்பது இன்னும் தெரியவில்லை. சில ஆண்களுக்கு அது கடைசிவரை தெரிவதில்லை.

மதியம் ஜின்ஃபா பெரிய வேட்டைக்கு இறங்கினார். கடலம்மன் கோயில். ஆனால் அவர் குறி கடலம்மன் அல்ல. அவள் பெண் சாமி. பெண்கள் ஒருத்தரையொருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அம்மனின் மேசைக்கு அடியில் புலிச்சாமி உட்கார்ந்திருந்தார். அசல் புலி. மாமிசம்தான் அவருக்குப் படையல். எந்தப் புலியாவது யாரையாவது கீரை தின்னச் சொன்னதாகச் சரித்திரம் உண்டா?

எதிர்க்கடைகளில் பன்றிக் குழம்புச் சோறு இரண்டு கிண்ணம், விலாங்கு மீன் நூடுல்ஸ் ஒரு தட்டு, தேன் நிறத்தில் தளதளவென்று ஒரு பன்றிக்கால். ஒரு ஊர்வலம் போலக் கொண்டுவந்து மேசைக்கடியில் பரப்பினார்.

"மேல அம்மன் அவ்வளவு பெருசா உக்காந்திருக்கா. அவளை விட்டுட்டு அடியில இருக்கிற புலிகிட்ட ஏன் குனியிறீங்க?" என்றாள் சூயின்.

"அம்மனுக்கு நிறையப் பழம் வந்திருக்கு. புலிக்குத்தான் பாவம், யாருமே கறி வைக்கல."

"அடடா, என்ன இளகின மனசு! சரி, நகருங்க. இந்தத் தடவை நான் கேக்கறேன். நீங்க இதுக்குள்ள குனிஞ்சா உங்களை இழுக்க கிரேன்தான் வரணும்."

வழிக்கு வந்துவிட்டாள் என்று ஜின்ஃபா பூரித்துப்போனார். சூயின் மண்டியிட்டாள். பேரும் விலாசமும் சொல்லி, உதடு மட்டும் அசைய எதையோ கேட்டு, கட்டைகளைப் போட்டாள்.

இரண்டும் குப்புற. இல்லை.

"இன்னும் சாப்பிடலையாமா?"

"சும்மா இருங்க." மறுபடி உதடு அசைந்தது. மறுபடி இரண்டும் குப்புற.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் துடைப்பத்தோடு வந்து நின்றார். "நூடுல்ஸ் சூடா இருக்கும்மா. நாக்கு பொத்துக்கும்ல? ஆறட்டும்."

சோற்றின் மேல் கொழுப்பு வெள்ளையாக ஆடை கட்ட ஆரம்பித்தது. ஜின்ஃபாவின் இருதயத்திலும் ஏதோ கட்டியது. மூன்றாவது முறை இரண்டு கட்டைகளும் மல்லாக்க விழுந்து ஆடின.

"சிரிக்கிறாரு!" என்றார் கிழவர். "ஏதோ வேடிக்கையாக் கேட்டிருக்கீங்கம்மா."

"சாப்பிடறப்ப என்ன சிரிப்பு? புரையேறிடும்னு சொல்லு!" என்று ஜின்ஃபா அலறினார்.

சூயின் யோசித்தாள். நான்காவது முறை போட்டாள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. அதையே கேட்டு இன்னும் இரண்டு முறை போட்டாள். இரண்டு முறையும் ஆமாம்.

"தொடர்ந்து மூணு! இதுக்கு மேல அப்பீலே கிடையாது," என்றார் கிழவர்.

ஜின்ஃபா சாப்பாட்டுக் குச்சிகளை உருவினார். சூயின் அவர் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எங்க பாயறீங்க?"

"சாமி சாப்பிட்டாச்சுல்ல? மூணு தடவை சொல்லிட்டாரே!"

"சாப்பிட்டாரான்னு யாரு கேட்டா?"

"பின்னே?"

"'டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு, இருந்தாலும் இதை இவருக்கு முழுசாக் குடுக்கட்டுமா?'ன்னு கேட்டேன். கூடாதுன்னுட்டாரு. 'சரி, பாதி?'ன்னேன். கூடாதுன்னுட்டாரு. 'ஒரே ஒரு வாய்?'னு கேட்டேன். சிரிச்சுட்டாரு. எனக்கே வெக்கமாப் போச்சு. இந்த முட்டிவலியோட உங்களுக்காக எவ்வளவு கெஞ்சியிருக்கேன் தெரியுமா?"

"கடைசியா என்னத்தைக் கேட்ட?" ஜின்ஃபாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"'வாசனையாவது பிடிச்சுக்கட்டும்'னு கேட்டேன். பெரிய மனசு பண்ணிக் குடுத்துட்டாரு."

"இது அநியாயம்! கட்டையைக் குடு, நான் கேக்கறேன்!"

"கூடாதுப்பா," என்றார் கிழவர். "மூணு தடவை சொன்னதுக்கப்புறம் மறுபடி கேட்டா சாமியை நம்பலைன்னு ஆயிடும். இவருக்குக் கோபம் வந்தா கடிப்பாரு."

ஜின்ஃபா மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார். புலி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ஆண்தான். இருந்து என்ன?

"அப்ப இதையெல்லாம் யாரு சாப்பிடறது?"

"வீணாக்க முடியுமா? எல்லாம் என் தலையில விழுந்திருக்கு. ஐயா, நீங்களும் வந்து ஒரு கை குடுங்க. அப்படியே எதிர்க்கடையில குடுத்துச் சூடு பண்ணிட்டு வந்திருங்க. ஆறிப்போனா பாவம், இவருக்கு வாசனை வராது."

முற்றத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆவி பறக்கக் கிண்ணங்கள் திரும்பி வந்தன. கிழவர் பன்றிக்காலைப் பிடித்துக்கொண்டார். விலாங்கு நூடுல்ஸைச் சூயின் உறிஞ்சிய சத்தம் அம்மன் கோபுரம்வரை கேட்டிருக்கும். "கொஞ்சம் இனிப்புத் தூக்கல்," என்று குறை வேறு சொன்னாள். சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள். பிறகு, இன்னும் தொடாத சோற்றுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கணவனின் முகத்துக்கு நேரே மரியாதையாக நீட்டினாள்.

"ம், பிடிங்க."

ஜின்ஃபா கண்ணை மூடிக்கொண்டார். குனிந்தார். இழுத்தார். சோயாவும் வெங்காயமும் கொழுப்பும் மூக்கு வழியாக நேரே ஆத்மாவுக்குப் போயின. மறுபடி இழுத்தார். மறுபடி இழுத்தார். அடுத்து இழுத்தபோது வாசனையைக் காணோம். கண்ணைத் திறந்தார். கிண்ணம் சூயினின் மடியில் இருந்தது.

"மூணு தடவைதான் சாமி உத்தரவு குடுத்தாரு," என்றாள் அவள், குச்சியால் சோற்றைக் கிளறியபடி. "இது நாலாவது மூச்சு."