ஒரு பெக்குக்கு ஒரு துண்டு ரொட்டி

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன், கடைக்காரர்கள் எல்லாம் 'தராசு' என்று கூப்பிடும் எடை ஆய்வாளன், பணிவோடு எழுதிக்கொள்வது. நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற மனிதரிடம் 'நலமா' என்று கேட்டால் கிண்டல் செய்கிற மாதிரி ஆகிவிடும். நான் நலம் என்று எழுதினால் அது அதைவிட மோசம். ஆகவே கேட்டதாகவும் சொன்னதாகவும் வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போனை அக்கா எடுக்கிறாள். நான் மூச்சு விடுவதைக் கேட்டே "என்னடா மறைக்கிற?" என்கிறாள். அதனால் எழுதி, மாலையில் உங்களைப் பார்க்க வரும் என் மனைவியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை என் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. என் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி உங்களுக்கு வைக்கும் காரியம் இன்னும் ஆறு வாரம் தள்ளிப்போகிறது. அவ்வளவுதான். பதற ஒன்றுமில்லை. ஏன் தள்ளிப்போகிறது என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுச் சிரியுங்கள், உடம்புக்கு நல்லது.

பத்து வாரத்துக்கு முன்னால் ரத்தம் பொருந்துகிறது என்று சொன்ன அன்றைக்கே டாக்டர் இரண்டு நிபந்தனை போட்டார். என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, ஒன்பது கிலோ இறங்க வேண்டும். குடி என்றால் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பக்கத்தில் இருந்த நர்ஸ் "சார், குடிப்பீங்களா?" என்று கேட்டார். "எப்பவாவது" என்றேன். அது பொய் இல்லை. எப்பவாவது குடிக்காமல் இருந்ததும் உண்டு. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்று எனக்கு வந்த வேகம் இருக்கிறதே, அத்தான், சொல்லி முடியாது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத உங்களுக்கு ஏதோ ஒரு கிருமி வந்து கல்லீரலைத் தின்றுவிட்டது, தொட்டுத் தொட்டே வாழ்ந்த எனக்கு அது வேலை செய்கிறது. இந்த அநியாயத்தை நானே நேர் செய்துவிடலாம் என்றால் யாருக்குத்தான் மார்பு விரியாது?

உணவு ஆலோசகர் என்று ஒரு இளம்பெண். என் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார். தின்பது அத்தனையையும் அதில் எழுத வேண்டும், ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரிக்கு மேல் போகக்கூடாது, வாரம் ஒருமுறை அது அவர் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். எடையும் கணக்கும் என் பிழைப்பு அல்லவா? சமையலறைக்கு ஒரு தராசு வாங்கினேன். அதை ஆபீசிலிருந்து கொண்டுவந்த, முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துச் சோதித்தேன். இரண்டு கிராம் அதிகம் காட்டியது. கடைக்காரனைக் கூப்பிட்டு ஒரு பாடம் நடத்தி வேறு தராசு வாங்கி வந்தேன். முட்டையை ஓட்டோடு நிறுத்து, உரித்து நிறுத்து, ஓட்டைத் தனியாக நிறுத்துச் சரிபார்த்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். வெள்ளரிக்காயைக்கூட விட்டுவைக்கவில்லை. என் மனைவி சமையலறைக்குள் வரப் பயந்தாள்.

சனியன் எப்போது நுழைந்தது என்றால், இரண்டாவது வாரம். எங்கள் ஆபீசில் நான்கு ஆய்வாளர்கள், வேலை முடிந்ததும் பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற பாரில் ஒரு மணி நேரம் உட்காருவது எட்டு வருட வழக்கம். பன்னிரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போகாமல் இருந்தேன். பதின்மூன்றாவது நாள், சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று போனேன். சும்மா உட்கார்ந்தேன், முதல் பத்து நிமிஷம். பிறகு போனில் தேடிப் பார்த்தேன். ஒரு பெக் விஸ்கி ஏறக்குறைய எழுபது கலோரி. ஒரு துண்டு ரொட்டியும் ஏறக்குறைய எழுபது கலோரி. எடைக்கு எடை சமமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று நான் இருபத்தாறு வருஷமாகக் கடைக்காரர்களுக்குச் சொல்லி வருகிறேன். விஸ்கி என்று எழுதினால் அந்தப் பெண் பார்த்துவிடும். அதனால் நான்கு பெக் குடித்துவிட்டு 'ரொட்டி, நான்கு துண்டு' என்று எழுதினேன். பெயரில்தான் சின்ன மாற்றம், அத்தான். எண்ணில் ஒரு கலோரியை நான் ஒளித்ததில்லை.

அதற்கப்புறம் ரொட்டி ஏறிக்கொண்டே போனது. நான்கு ஆறாகி, ஆறு ஒன்பதாகி, ஒரு சனிக்கிழமை பதினொன்றில் நின்றது. கணக்கு உதைக்கக் கூடாதே என்று பகலில் வாயைக் கட்டினேன். காலையில் ஒரு முட்டை, மதியம் வெள்ளரிக்காய், மிச்சத்தையெல்லாம் சாயங்காலத்துக்குச் சேமித்து வைப்பேன். செயலி தினமும் பச்சை விளக்குப் போட்டு 'அருமை' என்றது. உணவு ஆலோசகர் மட்டும் குழம்பிப்போனார். "சார், எல்லாம் சரியா இருக்கு, இந்த ரொட்டிதான் இடிக்குது. அப்படி என்ன ரொட்டி சார் அது?" என்றார். அசடு வழிந்தேன். "வெள்ளை ரொட்டி வேணாம், கோதுமை ரொட்டிக்கு மாறிப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து 'கோதுமை ரொட்டி' என்று எழுதினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் என்று பாராட்டினார்.

கோதுமைக்கு மாறியும் எடை இறங்கவில்லை என்றதும் என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பிவிட்டார். மனசு சரியில்லாமல் தின்பவர்களுக்கு அங்கே தனி அறை. நீலத் திரை, இரண்டு நாற்காலி, ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. என் வயதுள்ள அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ரொட்டிப் பழக்கம் எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"எட்டு வருஷம் இருக்கும். முதல்ல கூட வேலை செய்றவங்களோட. அப்புறம் தனியாவும்."

"தனியான்னா எங்க வெச்சு சாப்பிடுவீங்க?"

"வண்டிக்குள்ள உக்காந்து. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி."

"வீட்ல தெரியுமா?"

"வாசனை வராம பாத்துக்குவேன்."

அவர் பேனாவை நிறுத்தினார். "ரொட்டிக்கா?"

"சுட்ட வாசனைங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "விடணும்னு என்னிக்காவது தோணியிருக்கா?" என்றார். "தினமும் காலைல" என்றேன். சொன்னதும் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. அந்தப் பெட்டியில் இருந்த காகிதத்தில் பாதி என் மூக்குக்குப் போயிற்று. ஐம்பத்திரண்டு வயது அரசாங்க ஊழியன், ரொட்டியை விட முடியவில்லை என்று தேம்பித் தேம்பி அழுதேன், அத்தான். அவருக்கு அன்றைக்கே புரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. "அடுத்த வாரம் வாங்க, ரொட்டிக்கு வேற பேர் இருந்தா அதையும் சொல்லுங்க" என்றார். அடுத்த வாரம் நான் போகவில்லை.

அந்த வாரம்தான் சிமெண்ட் கடையில் மானம் போனது. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைச் சோதிக்கக் குனிந்தவன், வயிற்றில் வெள்ளரிக்காயைத் தவிர ஒன்றும் இல்லாததால் கண் இருட்டி அதன் மேலேயே விழுந்துவிட்டேன். கண் விழித்தால் கடைக்காரர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே எண்ணை வாசிக்கிறார்: "எண்பத்தாறு புள்ளி நாலு." நான் தொடங்கியதே எண்பத்தாறில்தான். ஏழு வாரம் பட்டினி கிடந்து நானூறு கிராம் ஏறியிருக்கிறேன். "தராசு தப்பு" என்று முனகினேன். அவர் பவ்யமாக, "இல்ல சார், போன மாசம் நீங்களே முத்திரை போட்டதுதான்" என்றார்.

ஏன் ஏறியது என்பதை அந்த உணவு ஆலோசகப் பெண் எப்போதோ ஒருநாள் பொதுவாகச் சொல்லியிருக்கிறார். குடிக்கிறவர் உடம்பு முதலில் குடியைத்தான் எரிக்குமாம், தின்ற கொழுப்பெல்லாம் வரிசையில் காத்து நின்று, முறை வராமலே வயிற்றிலும் கல்லீரலிலும் குடியேறிவிடுமாம். அன்றைக்கு வேறு யாருக்கோ சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தவிர, நான்காவது பெக்குக்கு மேல் வரும் பசி இருக்கிறதே, அந்தப் பசியில் தட்டுத் தட்டாக உள்ளே போகும் வறுத்த கடலையை எழுத எந்தக் கை இருக்கும்? முட்டை ஓட்டை நிறுத்தவன் கடலையை நிறுக்கவே இல்லை.

என் மனைவிக்கு எப்படித் தெரிந்தது என்றால், குளிக்கப் போனபோது போனைத் திறந்த நிலையில் வைத்துவிட்டேன். துண்டோடு வெளியே வந்தால் அவள் நிற்கிறாள். "இந்த வீட்ல ரொட்டி வாங்கி நாலு மாசம் ஆச்சு" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மறுநாள் காலை மேசையில் ஒரு தட்டு. பதினொரு துண்டு ரொட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. "எழுதினதைச் சாப்பிடுங்க" என்றாள். ஏழு துண்டு தின்றேன். எட்டாவது தொண்டையில் நின்றுவிட்டது. அவள் முதுகில் தட்டிக்கொண்டே அழுதாள், நான் இருமிக்கொண்டே அழுதேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்றோடு நிறுத்திவிட்டேன், அத்தான். இன்றைக்குப் பதினேழு நாள். பாருக்குப் போகும் தெருவைக்கூட விட்டு வேறு தெரு வழியாக வருகிறேன். எடையும் இறங்க ஆரம்பித்திருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரும் என் முதுகில் தட்டி, இன்னும் ஆறு வாரம் இப்படியே இருங்கள், அப்புறம் மேசையில் படுக்கவைத்துவிடலாம் என்றார். ஆறு வாரம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். உங்கள் மகள் மீன்குட்டி புதன்கிழமை நீச்சல் குளத்திலிருந்து தலைகூடத் துவட்டாமல் நேராக என் ஆபீசுக்கு வந்தாள். "மாமா, நீங்க நிச்சயமா குடுப்பீங்கல்ல? உங்களுக்கு ஏதாவது சிக்கல்னா இப்பவே சொல்லிடுங்க. அப்பா என்னை வேணாங்கறாரு, ஆனா நான் டெஸ்டை ஆரம்பிச்சுடுவேன்" என்றாள். "நான் எதுக்கு இருக்கேன்? உன் வயித்துல கத்தி வெக்க விடுவேனா? போய் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடு" என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் அவளைத் தடுத்தது நூற்றுக்கு நூறு சரி. அந்த முடிவில் உறுதியாக இருங்கள். என் கல்லீரல் கொஞ்சம் தாமதமாக வருகிறது, ஆனால் வருகிறது.

அக்காவைத் தூங்கச் சொல்லுங்கள். நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கால் வீங்கியிருப்பதாக என் மனைவி சொன்னாள். மீன்குட்டிக்கு என் ஆசி. உங்களுக்கு என் நமஸ்காரம், அதோடு வெகு சீக்கிரத்தில் அரைக் கிலோவுக்கு மேல் என் உடம்பும்.

என்றும் உங்கள் நிழலில் இருக்கும்,
மைத்துனன் தராசு

பின்குறிப்பு: அத்தான், புறப்படுவதற்குச் செருப்பு மாட்டியிருந்த என் மனைவி இதைப் படித்தாள். மடித்து மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "இதை நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். நடந்ததை எழுதுங்க. எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்" என்றாள். இருக்கிறாள்.

ஆறு வாரம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் முதுகில் தட்டவும் இல்லை. டாக்டர் சொன்னது இது: "கொழுப்பு மட்டும்னா கரைச்சிருக்கலாம். தழும்பு விழுந்து இறுகிப்போச்சு. இதுல வெட்டிக் குடுக்க ஒண்ணுமில்ல, இது உங்களுக்கே எத்தனை நாள் ஓடும்னு பாக்கணும்." என் பெயரை அடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை உங்களிடம் 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்வார்கள், காரணம் சொல்ல மாட்டார்களாம். நீங்கள் அதைத் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்வீர்கள். தலையெழுத்து இல்லை அத்தான், நான்தான். பதினேழு நாள் என்றதும் பொய். நேற்றும் குடித்தேன். உங்களுக்கு டாக்டர் சொன்ன கெடு நாலு மாதம், அதில் பத்து வாரத்தை என்னை நம்பிப் போக்கிவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

இதை ஒட்டி என் மனைவியிடம் கொடுத்ததும் மீன்குட்டிக்குப் போன் செய்யப் போகிறேன். மாமாவால் முடியாது, இன்றைக்கே போய் ரத்தம் கொடு என்று சொல்லப் போகிறேன். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் அவள் உங்கள் அறை வாசலில், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து நிற்பாள். வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அத்தான்.