பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதும்

எலவனாசூர்கோட்டை
1-10-1987

துபாயில் இருக்கும் சிரஞ்சீவி அய்யப்பனுக்கு, அப்பா சுப்புராயன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நான், உன் அம்மா, எருமை இரண்டும் சுகம். டேப்ரிக்கார்டருக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

நீ பேசி அனுப்பிய கேசட்டை ஐந்தாம் தடவை கேட்கும்போது உள்ளே பெல்ட் அறுந்துவிட்டது. நான்தான் பழைய சைக்கிள் டியூப்பை வளையமாக நறுக்கி மாட்டினேன். ஓடியது. ஆனால் நீ இழுத்து இழுத்துப் பேச ஆரம்பித்துவிட்டாய். உன் அம்மா கேட்டுட்டு, "என் புள்ள அங்க போய் குடிக்கக் கத்துக்கினான்"னு தலையில கை வச்சிக்கினு உக்காந்துட்டா. குடிச்சது அவன் இல்லடி, டியூப்புன்னு சொன்னா நம்பல. மூணு நாள் சோறு இறங்கல.

உளுந்தூர்பேட்டையில் ரேடியோ மெக்கானிக் வெற்றிவேலிடம் காட்டலாம் என்றால், இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடு முழுக்கப் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. செட்டைத் துண்டில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கித் தாண்டணும். ஒரு இடத்துல மறியல்ல இருந்தவங்க நிறுத்தி, "இன்னா பெரியவரே, நாங்க பேசறத பதிவு பண்ணிக்கினு போய் போலீசுல குடுக்கவா?"ன்னாங்க. வேறு வழியில்லாமல் போட்டுக் காட்டினேன். நடுரோட்டுல நீ "அம்மா, நான் நல்லா இருக்கேன்"னு இழுக்கற. எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகனும் துபாயில்தானாம். செட்டை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மரம் தாண்டிக் கொண்டுவந்து விட்டார்.

வெற்றிவேல் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஹெட்டு தேஞ்சி போச்சுங்க, மோட்டாரும் கெழடு. புது செட்டே வாங்கிடுங்க" என்றான். செட் கெடுவதற்கு முன்னால் வந்த லெட்டரிலேயே நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய். பழசைத் தூக்கிப் போடுங்கள், இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு இரண்டு கேசட் போடுகிற பெரிய செட்டாக வாங்கி வருகிறேன் என்று. யார் கேட்டார்கள் உன்னை? கெட்டது பெல்ட்டு ஒண்ணுதான், அத மட்டும் மாத்துடான்னு அவன் கடை வாசல்லயே உக்காந்துட்டேன். மத்தியானம் வரைக்கும் தேடி, செத்துப்போன வேற செட்டுலேர்ந்து ஒரு பெல்ட்டு எடுத்து மாட்டினான். இப்போது கணீரென்று பேசுகிறாய். உன் அம்மாவும் சாப்பிடுகிறாள். ஆகையால் பெரிய செட்டும் வேண்டாம், இரண்டு வருஷமும் வேண்டாம். தை மாதம் கையை வீசிக்கொண்டு வந்து சேர். உன் அம்மா ரொம்ப ஏங்கிவிட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை, எனக்குக் கழனி வேலையே தலைக்கு மேல் இருக்கிறது.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள். அய்யனார் உன் கூடவே இருக்கட்டும்.

அப்பா,
சுப்புராயன்

பின்குறிப்பு: எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதினதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், லெட்டர் அசிங்கமாகிவிடும். உன் அம்மா களையெடுக்கப் போனதும் புது பெல்ட்டைக் கழட்டிட்டு டியூப்பைத்தான் மாட்டிக் கேக்கறேன், அவ வர்றதுக்குள்ள மாத்திடுவேன். புதுசுல நீ அரை மணியில பேசி முடிச்சிட்டுப் போயிடற. டியூப்புல முக்கால் மணி நேரம் வூட்டுல இருக்கற.