டேஞ்சர் அக்காவின் சுவர்

காட்டெருமைக்கு மரியாதை கொடுத்து எழுதிய ஒரே பிறவி இந்த நீலகிரி மலையிலேயே எங்கள் டேஞ்சர் அக்காதான். "கழுத்துப் பக்கம் காலையில் காட்டெருமை ஒருவர் வந்தார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்." ஏன் இப்படி என்று கேட்டால், "நாம மரியாதை குடுத்தாத்தானுங்க அவரும் குடுப்பாரு" என்பார். நான் அந்த ஊரில் இருந்தவரை எருமை யாரையும் முட்டவில்லை. எனக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

கட்டபெட்டுக்குப் போகிற வழியில், பஸ் நிற்கிற இடத்தில் அக்காவின் ஜாக்கெட் தைக்கிற கடை. அங்கே ஊர் என்று ஒன்று இருப்பதே பாதி நாள் தெரியாது. மேகம் இறங்கினால் முதலில் தேயிலைத் தோட்டம் காணாமல் போகும், பிறகு கோயில், பிறகு எதிரே பேசிக்கொண்டிருக்கிற ஆள். குரல் மட்டும் மிதந்து வரும். கிட்டப் போனால் அக்காவின் கடைச் சுவர் தெரியும். தகரக் கூரைக்கு அடியில் கருப்புப் பெயிண்ட் அடித்து, துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் எங்கள் தெருவை அதில் வரைந்து வைத்திருந்தார். எந்த இடத்தில் என்ன ஆபத்து என்று தினமும் அதில் எழுதுவார், அதனால்தான் டேஞ்சர் அக்கா.

அக்காவுக்கு வரையத் தெரிந்தது ஜாக்கெட் ஒன்றுதான். அதனால் தெருவும் ஜாக்கெட்டாகவே இருந்தது. பஸ் நிற்கிற இடம் கழுத்து. மேல் சந்து இடது கை, கீழ்ச் சந்து வலது கை, பின்னால் இருந்த காடு முதுகு. நாங்களும் அப்படியே பேசப் பழகிவிட்டோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கியதும், மேகத்துக்குள்ளிருந்து யாரோ, "பாத்துப் போங்க, இடது கையில கரடி, அக்குள்ல பாம்பு!" என்றார்கள். பாவம், மனிதர் பையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையை உதறினார்.

இதெல்லாம் அக்காவின் கைச்சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஃபாரஸ்ட் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்து ஆபீஸ் மூன்றிலும் அறிவிப்புப் பலகை இருந்தது. ஒன்று பீரோவுக்குப் பின்னால், இன்னொன்று குடை மாட்டுகிற ஆணிக்கு அடியில். அக்கா நனைந்த குடைகளை விலக்கிக்கொண்டு நின்று படித்து, வந்து சுவரில் எழுதுவார்.

"ஏம்மா, ஜாக்கெட் தைக்கிற உனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார் ஏட்டையா ஒருமுறை.

"ஏனுங் சார், படிக்கத்தானுங்களே ஒட்டியிருக்கீங்க?"

ஏட்டையா தன் குடையை எடுத்து வேறு ஆணியில் மாட்டினார்.

எதை எழுதினாலும் அது எங்கிருந்து வந்தது என்று அடியில் இருக்கும். ஒன்று ஆபீஸ் பலகையின் பெயர், இல்லாவிட்டால் "பார்த்தவர்: பால்காரர்" என்கிற மாதிரி. தப்பாகப் போனால் அதே அளவு எழுத்தில் திருத்தம் வரும். 'பார்த்தவர்' என்கிற இடத்தில் தன்னை மட்டும் எழுதவே மாட்டார். "நானே பாத்து நானே எழுதினா, அப்புறம் என்னை யாருங்க திருத்தறது?" என்பார்.

அந்தத் திருத்தத்தில் நானும் மாட்டினேன். போஸ்ட் ஆபீஸில் எனக்கு வேலை. இடது கையில் மூன்றாவது வீட்டில், மனைவியும் கைக்குழந்தையுமாகக் குடியிருந்தேன். ஒரு சாயங்காலம் மேகத்துக்குள் கருப்பாக, குண்டாக, உறுமிக்கொண்டு ஒன்று என்னை நோக்கி வந்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடிப் போய் அக்காவிடம் சொன்னேன். அப்போதே சுவரில் கரடி ஏறியது. மறுநாள் சுவரில்: "திருத்தம்: இடது கையில் வந்தது கரடி இல்லை. கம்பளி போர்த்திக்கொண்டு இருமிய வீட்டுக்கார முதலாளி. பார்த்தவர்: போஸ்ட் ஆபீஸ் தம்பி."

மேல் சந்து வீடுகளும் அக்காவின் கடையும் அந்த முதலாளிக்குத்தான் சொந்தம். அன்றிலிருந்து ஊருக்கே அவர் கரடி முதலாளி. சுவரைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், மேல் சந்துக்குப் பின்னால் இருக்கிற மண்திட்டு சரியக்கூடும் என்று பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டினார்கள். சரிந்தால் அக்காவின் கடைவரை வரும். முதலாளியோ, லாட்ஜ் கட்டத் தேடிய திருப்பூர்க்காரர் ஒருவருக்கு மொத்தத்தையும் விற்கப் பேசி வைத்திருந்தார். அக்காவின் முக்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"இதை ஒண்ணை மட்டும் எழுதாம உட்டுரு. கடை உனக்கேன்னு வாங்கறவர்கிட்டச் சொல்லி வாங்கித் தர்றேன். எழுதினியோ, மிசினைத் தூக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவருக்கு அந்தக் கடையையும் எங்களையும் விட்டால் நாதி கிடையாது. என் மகள் பாதி நேரம் தூங்கியதே அங்கே வெட்டுத் துணிக் குவியலில்தான். எழுதினால் கடையும் போகும், பயந்துகொண்டு நாங்களும் போவோம். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் இடது கை முழுக்கச் சிவப்புக் கோடு. "மண்திட்டு சரியக்கூடும். இந்தக் கடையும் சேர்த்துத்தான். பஞ்சாயத்துப் பலகை." திருப்பூர்க்காரர் நிதானமாகப் படித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

"நீ நல்லாருப்பியா?" என்று கத்தினார் முதலாளி.

"நாம எல்லாருமே நல்லா இருக்கோணும்னுதானுங்க எழுதினேன்."

மழை பிடித்துக்கொண்டது. மேல் சந்தே பள்ளிக்கூடத்துக்குக் குடிபோனது. கடைசியாகக் கம்பளியோடு முதலாளியும் வந்தார், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று. வந்தவர் எங்களோடேயே தங்கிவிட்டார். மழை விட்டது. மண்திட்டு அசையவே இல்லை!

"எங்கம்மா விழுந்துச்சு? காட்டு பாக்கலாம்!" என்று குதித்தார் மனிதர். அக்கா சாக்பீஸை எடுத்தார். "திருத்தம்: மண்திட்டு இந்த மழைக்கு விழவில்லை. இனியும் விழாமல் இருக்கட்டும்."

முதலாளி ஓடிப் போய்த் திருப்பூருக்குப் போன் போட்டார். திட்டு கல்லு மாதிரி நிற்கிறது என்று சத்தியம் செய்தார். அந்தப் பக்கம் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தம்மா சுவத்துல எழுதியிருக்காங்களா?" அதற்கப்புறம் யார் அக்காவைக் கிளப்ப முடியும்? மிஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. பயமில்லை என்று அக்கா எழுதினால்தான் இடம் விலை போகும் என்பதால், முதலாளி முனகிக்கொண்டே தடுப்புச் சுவர் கட்ட ஆள் தேடினார்.

ஆனால் என் மனைவி குழந்தையோடு அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றுவிட்டாள். லவ்டேல் பக்கம் மாற்றல் வாங்கினேன். கிளம்புகிற அன்று அக்கா மிஷினை விட்டு நிமிரவே இல்லை. "பஸ் வந்துருச்சு பாருங், போங்" என்றார், அவ்வளவுதான். எனக்குக் கோபம்கூட வந்தது.

பஸ் நகர்ந்தது. மேகத்தில் கோயில் போனது, தோட்டம் போனது. ஜன்னலுக்கு வெளியே அந்தச் சுவர் மட்டும் கொஞ்ச நேரம் கூடவே வந்தது. புதிதாக எழுதிய வெள்ளை எழுத்து.

"இடது கை, மூன்றாவது வீடு. இனிமேல் விளக்கு எரியாது. பார்த்தவர்: நான்."