பொன்பெட்டியில் மிதந்த முட்டை

“இரண்டு பொருள்களில் ஒன்றைத் தெரிவு செய்ய மனித அறிவு போதாது. அதற்கு அண்டசராசரத்தின் அனுமதி வேண்டும்.”

இது சீதளச் சித்தர் அருளிய வாக்கு. அருளிய இடம் கைலாயம் என்று நினைத்துவிடாதீர்கள். மட்டக்களப்பு நகரத்தில் விநாயகமூர்த்தி முதலாளியின் மின்சாதனக் கடைக்குப் பின்னால் இருந்த களஞ்சிய அறை. சித்தர் அமர்ந்திருந்ததும் புலித்தோலில் அல்ல. சலவை மெசின் வந்த அட்டைப்பெட்டியில். ‘கவனம், உடையும்’ என்று அதன் பக்கத்தில் அச்சடித்திருந்தது. யாரும் வாசிக்கவில்லை.

அண்டசராசரத்திடம் அப்படி என்ன கேட்டார்கள்? பிறவிப் பிணி தீர வழி கேட்டார்களா? இல்லை. எந்த ஏசியை வாங்குவது என்று கேட்டார்கள்.

சண்டை முடிந்த மறுவருஷச் சித்திரை அது. பாதைகள் திறந்தன. பாதையோடு சாமான்கள் வந்தன. சாமான்களோடு சாமிகளும் வந்தார்கள். சுனாமியாகக் கடல் வந்துபோன பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் சித்திரை வெயிலில் அடுப்பில்லாமலே அப்பம் சுடும். அதனால் கையில் நாலு காசு உள்ளவன் எல்லாம் ஏசி, ஏசி என்று அலைந்தான்.

முதலாளியின் கடையில் இரண்டு மாதிரி இருந்தன. ஒரே கம்பனி, ஒரே பருமன், ஒரே வெள்ளை. அறையில் இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதுதான் இரண்டின் வேலையும். நீலப்பெட்டியில் வந்தது அதை மட்டும் செய்யும். பொன்பெட்டியில் வந்ததற்கு இன்னொரு வித்தையும் தெரியும்: வெளியே உள்ள சூட்டை உள்ளே இழுத்து அறையைச் சூடாக்கும். குளிர் மலையூரான நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கென்று இறக்கி, ஹோட்டல்காரன் கைவிட்ட சரக்கு. விலையோ நீலத்தைப்போல ஒன்றரை மடங்கு. மட்டக்களப்பு வெயிலில் அறையைச் சூடாக்க ஆசைப்படும் ஒருவனை முதலாளி தேடித் தேடிக் களைத்தார். அப்புறம் ஒரு சித்தரைத் தேடினார். உடனே கிடைத்தார்.

சித்தரின் முறை எளிமையானது. பெட்டி ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடி நிறையக் கோயில் கிணற்றுத் தீர்த்தம், மேலே பட்டுத் துணி, செவ்வரத்தம்பூ. வாங்க வருபவர் தன் வீட்டுக் கோழியின் முட்டையைக் கொண்டுவர வேண்டும். கடை முட்டைக்கு வாக்குச் சொல்லத் தெரியாதாம். நீலப்பெட்டி ஜாடியில் முட்டையை விட்டால் தாழும். பொன்பெட்டி ஜாடியில் விட்டால் மிதக்கும். மிதந்தது உங்கள் வீட்டுக்குப் பொருத்தம். எத்தனையோ வீடு, எத்தனையோ ராசி, எத்தனையோ கோழி. ஒரு முட்டையாவது நீலத்தில் மிதந்ததா என்றால், இல்லை. கோழிகளுக்கிடையில் அப்படி ஒரு ஒற்றுமை.

தேற்றாத்தீவு கேதீஸ்வரிக்கு ஏசி ஆடம்பரம் அல்ல. அவளுடைய கணவன் விஜிதரனின் கழுத்தில் ஷெல் துண்டு ஒன்று பாய்ந்து, நெஞ்சுக்குக் கீழே உடம்பு அவன் சொல் கேட்பதை நிறுத்திவிட்டது. அந்த உடம்புக்கு வேர்க்கவும் மறந்துபோயிற்று. “வேர்க்காத உடம்பு சூடு தாங்காது. அறையைக் குளிராக வைத்திருங்கள். கவனிக்காமல் விட்டால் ஒரு சித்திரை மத்தியானம் போதும்” என்று ஆஸ்பத்திரி டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதற்காகவே அவள் குவைத்துக்குப் போய், ஊரார் வீட்டு ஏசிகளைத் தூசு தட்டிக் காசு சேர்த்து வந்திருந்தாள். அது நீலப்பெட்டிக்குப் போதும். பொன்பெட்டிக்குப் போதாது. பொன்பெட்டி என்றால் இன்னொரு தரம் குவைத். திரும்பி வரும்போது கட்டிலில் ஆள் இருப்பானா என்பது வேறு கதை.

“முட்டையைக் கேக்காம ஒரு சாமானும் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது” என்றாள் மாமியார் சீதேவி.

“முட்டைக்கு என்ன மாமி தெரியும்?”

“உனக்கு என்னகா தெரியும்? பெரியகல்லாத்துப் பள்ளிக்கூட அதிபரே போய்க் கேட்டு வாங்கினவராம். படிச்ச மனிசன்!”

விஜிதரன் நெற்றியில் ஈரத் துணியோடு கிடந்தபடி சிரித்தான். “அம்மா, முட்டை கோழிக்குக் கீழ சூட்டில கிடந்து பழகினது. அதிட்டப் போய்க் குளிரப் பத்திக் கேக்கிறீங்களே. படுக்கப்போறது நான். என்னட்டக் கேளுங்க.”

“வாய மூடு மனே, சாமி குத்தம்!”

“சரி, போங்க. கேதி, ஒண்டு செய். முட்டை மிதந்தா ஜாடி ரெண்டையும் மாத்தி வைக்கச் சொல்லு. முட்டை மிதக்கிறது பெட்டியாலயா, ஜாடியாலயா எண்டு பாப்பம்.”

சீதேவி காதைப் பொத்திக்கொண்டாள். முட்டையை மட்டும் பத்திரமாகத் துணியில் சுற்றினாள்.

களஞ்சிய அறையில் காற்றுக்கு இடமில்லாத கூட்டம். எல்லார் கையிலும் முட்டை. தேர்த் திருவிழாவில்கூட அப்படிப் பக்குவமாக நடந்த சனத்தை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். முன்வரிசையில் அந்தப் பெரியகல்லாற்று ஓய்வுபெற்ற அதிபர். பொன்பெட்டி வாங்கிய நாளிலிருந்து சாட்சி சொல்வதற்கென்றே வந்து நிற்பவர்.

“முதல் நாள் போட்டா அனல் காத்துத்தான் அடிச்சது” என்று அவர் விளக்கினார். “சித்தரிட்ட ஓடி வந்தன். ‘வீட்டில கிடந்த தோஷச் சூடு வெளிக்கிடுது, நிப்பாட்டாத’ எண்டார். இண்டைக்கும் நிப்பாட்டல்ல. உடம்பு வேர்க்குது, ஓம். ஆனா உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி.”

“தோஷம் எப்ப முடியும் சேர்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது அவரவர் வீட்டுப் பாவத்தைப் பொறுத்தது.”

“அப்ப சேர்ர வீட்டில கனகாலம் எடுக்கும்போல” என்றாள் காத்தான்குடி ஹவ்வா உம்மா. கதவு நிறைந்த உடம்பு, ஊர் நிறைந்த குரல். அவள் கையிலும் ஒரு முட்டை இருந்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

கேதீஸ்வரியின் முறை வந்தது. சித்தர் முட்டையால் அவள் தலையைச் சுற்றினார், கண்களைச் செருகினார், நீலப்பெட்டி ஜாடியில் விட்டார். முட்டை கல்லுப்போல அடியில் போய் இருந்தது. எடுத்துப் பொன்பெட்டி ஜாடியில் விட்டார். செவ்வரத்தம்பூவுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தலையைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

“ஐயோ சாமி!” என்று சீதேவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சாமி, எனக்கு நீலத்துக்குத்தான் வசதி இரிக்கி” என்றாள் கேதீஸ்வரி.

சித்தர் கண்ணைத் திறந்தார். வசதி என்ற சொல்லுக்கு மட்டும் அவர் தவம் கலையும். “கட்டிலில் ஒருவன் கிடக்கிறான். நீலத்தைக் கொண்டுபோனால் அவன் ஆடி மாதம் காணமாட்டான். தாலியா காசா, நீயே யோசி மகளே!”

வரிசையில் நின்றபோது, வீட்டில் நோயாளி இருக்கும் செய்தியை முதலாளியிடம் ஒப்பித்தவள் சீதேவிதான். அதை மறந்து அவளே “சாமிக்கு எப்படித் தெரிஞ்சிச்சு!” என்று அழத் தொடங்கினாள்.  குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் முகம் கேதீஸ்வரியின் கண்ணுக்கு முன்னால் வந்தது. சித்தர் மிதந்த ஜாடியில் கையை விட்டு, அவள் முகத்தில் தீர்த்தத்தைத் தெளித்தார்.

ஒரு துளி உதட்டில் விழுந்தது. நாக்கு தானாக வெளியே வந்து அதைத் தொட்டது.

இந்த நாக்கின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். கடல் வந்துபோனபோது அந்தக் கரைக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. தொண்டு நிறுவனங்கள் வந்தன, இறைத்தன, படம் எடுத்தன, போயின. உப்புப் போகவில்லை. உலை வைக்கும் முன் விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பது பெண்களுக்குப் பழக்கமாயிற்று. காலப்போக்கில் கிணறு திருந்திவிட்டது. விரல் திருந்தவில்லை. குவைத்தில் குழாய்த் தண்ணீரையும் அவள் நக்கிப் பார்ப்பதைக் கண்ட வீட்டுக்காரி, பெட்டைக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருந்தாள்.

உப்பு. சாதாரண உப்பு அல்ல. கருவாடு போடும் உப்பு.

கேதீஸ்வரி நீலப்பெட்டி ஜாடியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். நல்ல தண்ணீர்.

“சாமி, ரெண்டும் ஒரே கிணத்துத் தீர்த்தமோ?”

“ஒரே கிணறு, ஒரே அருள்!”

“அப்ப இது ஏன் உப்புக் கரிக்குது?”

 அதிபர் தொண்டையைச் செருமினார். “நானும் கவனிச்சனான். அது கடல்மாதாட ஆசீர்வாதம் எண்டு விளங்கிக்கொண்டன்.” இன்னும் பலர் தலையாட்டினார்கள். தெளித்த தீர்த்தம் எல்லார் நாக்கிலும் கரித்திருக்கிறது. ஒவ்வொருவரும் தன் நாக்கைச் சந்தேகித்தார்களே தவிர, சித்தரைச் சந்தேகிக்கவில்லை.

“ஜாடி ரெண்டையும் மாத்தி வைங்க சாமி” என்றாள் கேதீஸ்வரி. 

“தெய்வ நிந்தனை! அருள் நின்ற பாத்திரத்தைத் தொட்டால் கை முடங்கும்!”

“எண்ட கை ஏற்கெனவே வாதம் புடிச்சது” என்றபடி ஹவ்வா உம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். இரண்டு ஜாடிகளையும் தூக்கி இடம் மாற்றி வைத்தாள். கை முடங்கவில்லை. முட்டை இப்போது நீலப்பெட்டியின் மேல் ஜம்மென்று மிதந்தது.

“அருள் இடம் மாறிவிட்டது” என்றார் சித்தர்.

“அப்ப இனி நீலமா பொருத்தம்?” என்று கேட்டாள் கேதீஸ்வரி.

சித்தர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி முகட்டைப் பார்த்தார்.

கேதீஸ்வரி மிதக்கும் ஜாடியை எடுத்துப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் வைத்தாள். முட்டை அங்கேயும் மிதந்தது. “பாருங்க மாமி. எங்கட வீட்டுக்குக் கதிரைதான் பொருத்தமாம். இதக் கொண்டுபோய் மாட்டுவமா?”

முதல் சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. அடுத்தது அடக்க முடியாமல் வந்தது.

“ஒரு மிடறு குடிங்க சாமி, தீர்த்தம்தானே” என்று ஹவ்வா உம்மா ஜாடியை நீட்டினாள். மறுக்க வழியில்லாமல் சித்தர் வாயில் ஊற்றினார். விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கன்னம் இரண்டும் உப்பிய நிலையில் அவர் அன்றுதான் உண்மையான மௌனவிரதம் அனுஷ்டித்தார்.

யாரோ முதலாளியின் மேசைக்கடியில் காலை விட்டார்கள். உப்புப் பைகள் சரிந்தன.

“அல்லாவே, எங்கள என்னெண்டு சொல்ற” என்று ஹவ்வா உம்மா தலையில் கைவைத்தாள். “ஊறுகாய்க்கு உப்புத் தண்ணி கரைச்சா, உப்புப் போதுமா எண்டு முட்டையப் போட்டுத்தானே பாக்கிற! மிதந்தா உப்புச் சரி. இது தெரியாத பொம்புள ஆரு இஞ்ச? தெரிஞ்சும் முட்டையத் தூக்கிக்கு வந்து நிண்டமே, நானும் சேத்து!”

 பெண்கள் தங்கள் முட்டைகளைப் பார்த்தார்கள். அடுப்படியில் தெரிந்த ஒரு விஷயம் பட்டுத்துணி போர்த்தியதும் தெரியாமல் போனது எப்படி? சித்தர் ஜாடியில் கரைத்தது உப்பைத்தான். மூளையை வீட்டில் வைத்துவிட்டு முட்டையோடு வந்தவர்கள் அவர்கள். இனியாவது மறுமாதிரிச் செய்து பார்க்கலாம்: முட்டையை வீட்டில் வைத்துவிட்டு மற்றதைக் கொண்டுவரலாம்.

சித்தர் பின்கதவால் போனார். முதலாளி “எனக்கு ஒண்டும் தெரியா, நானும் ஏமாந்துதான் போனன்” என்று சொல்லிக்கொண்டே உப்பைக் கூட்டினார்.

நீலப்பெட்டி அன்றே தேற்றாத்தீவுக்கு வந்தது. பொருத்தி முடித்துப் போட்ட கொஞ்ச நேரத்தில் விஜிதரனின் நெற்றித் துணியைக் கேதீஸ்வரி எடுத்துவிட்டாள். அவன் கண்ணை மூடிக் கிடந்தான். பிறகு, “கேதி, ஒரு போர்வை தா” என்றான். அவள் வெளியே போய்க் குவைத் ஏஜென்சிக்காரனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். சீதேவி அந்த முட்டையைப் பொரித்துப் பார்த்தாள். உப்பை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

பெரியகல்லாற்றில் அதிபர் வீட்டு ஏசி இன்னும் அனல் கக்குகிறது. அதன் ரிமோட்டில் சூரியப் படம் போட்ட பட்டனுக்குப் பக்கத்தில் பனிப் படம் போட்ட பட்டன் ஒன்றும் இருக்கிறது. அவர் அதை ஒருநாளும் அமத்திப் பார்க்கவில்லை.

அவர் முப்பது வருஷம் படிப்பித்த பாடம் விஞ்ஞானம்.