தெமோதரையில் இறங்காத தாத்தா

ரயிலில் ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கவும் தெரியும் என்று ஊர் உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அது உண்மையில்லை என்பதற்கு நானே சாட்சி. ஏறுவதில் என்னிடம் யாரும் குறை காண முடியாது. இறங்குகிற பேச்சை எடுத்தால் மட்டும் என் மனைவி வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அப்போது அவள் என் மனைவி இல்லை. கல்யாணப் பேச்சு மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது. நான் பதுளை டவுனில் ஒரு போன் கடையில் வேலை பார்த்தேன். ஸ்டெல்லா தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளையின் மகள். கொழுந்து நிறுத்து நிறுத்துப் பழகிய மனிதர் அவர். ஆளைப் பார்த்தாலும் கூடையில் எத்தனை கிலோ தேறும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்றுதான் பார்ப்பார். என்னையும் அப்படித்தான் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையன் பரவாயில்லை, பொறுப்பு எப்படி என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று என் அப்பாவிடம் சொல்லியனுப்பினார். (கழித்தது போக நான் எவ்வளவு தேறினேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.)

தோட்டத்துச் சர்ச்சின் நத்தார், அதாவது கிறிஸ்துமஸ் விழாக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். வருடா வருடம் நத்தார் தாத்தா லொறியிலிருந்து குதிப்பார். பிள்ளைகள் அவர் செருப்பைப் பார்த்ததுமே, இது நம்ம லொறி டிரைவர் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் அந்த முறை வெளியாள் ஒருவரைத் தேடினார்கள். நான் விடுவேனா? கையைத் தூக்கினேன். அதோடு நின்றிருக்கலாம். தாத்தா ரயிலில் வந்து இறங்கட்டும், பிள்ளைகள் ஸ்டேஷனில் நின்று வரவேற்கட்டும் என்று யோசனை வேறு சொன்னேன். வருங்கால மாமனார் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

விழா நாளன்று அம்மா என் வயிற்றில் தலையணையை வைத்துப் பழைய சேலையால் இறுக்கிக் கட்டினார். அதற்குமேல் சிவப்பு அங்கி, முகமெல்லாம் பஞ்சுத் தாடி. கட்டி முடித்த பிறகுதான், போன் எல்லாவற்றுக்கும் அடியில் காற்சட்டைப் பைக்குள் மாட்டிக்கொண்டது தெரிந்தது. (நான் போன் கடைக்காரன் என்பதை மறுபடியும் ஞாபகப்படுத்துகிறேன்.) சரி, போகிறது பக்கத்து ஊருக்குத்தானே என்று பரிசு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பதுளையில் ஏறிவிட்டேன்.

பெட்டி முழுக்க எல்லவுக்குச் சுற்றுலா போகிற வெள்ளைக்காரர்கள். என்னோடு படம் எடுத்துக்கொள்ள ஒரே தள்ளுமுள்ளு. அவர்களுடைய பிள்ளைகள் மூட்டைக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. ஒவ்வொரு பொட்டலத்திலும் தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் பெயர் இருந்தது. எப்படிக் கொடுப்பேன்? மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தேன். மஞ்சள் முடிக்காரப் பையன் ஒருவன் அழவே ஆரம்பித்துவிட்டான். கேட்ட பிள்ளைக்கு ஒரு டொபி கூடக் கொடுக்காத நத்தார் தாத்தா உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தெமோதரையில் ஒரு விசேஷம் உண்டு. பதுளையிலிருந்து போகிற ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பிறகு மலையை ஒரு சுற்று சுற்றி, மேலே அதே ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும். இந்த அதிசயத்தைப் படம் பிடிக்க மொத்தப் பெட்டியும் இரண்டு வாசல்களையும் அடைத்துக்கொண்டது. நான் எழுந்தேன். தலையணை ஓர் இருக்கையிலும் மூட்டை எதிர் இருக்கையிலும் இடித்து, நடுவில் ஆப்பு அடித்த மாதிரி நின்றேன். வழி விடச் சொல்லி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்து என்னைப் படம் எடுத்தார்கள்.

ரயில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள். தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லை. மாரியம்மன் கோவில் தப்புக்காரர்கள் கூட வந்து தப்பு மேளத்தை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் மாமனார் வெள்ளைச் சட்டையும் கையில் மாலையுமாக நின்றார். பின்னால் ஸ்டெல்லா. நான் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி, இறக்கிவிடச் சொல்லிக் கத்தினேன். வாய்க்குள் பஞ்சு போனதுதான் மிச்சம். தாத்தா கையாட்டுகிறார் என்று பிள்ளைகள் பதிலுக்குக் கையாட்டினார்கள். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன், அவர்களும் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். தப்பு உச்சத்துக்குப் போனது. ரயில் நகர்ந்தது.

மாமனார் மாலையோடு கொஞ்ச தூரம் நடந்தார், பிறகு கொஞ்சம் ஓடினார், பிறகு நின்றுவிட்டார். உடனே என் வயிற்றுக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. அடுத்த ஸ்டேஷனான எல்ல வரும்வரை அது ஓயவேயில்லை.

எல்லவில் எல்லோரும் இறங்கியதால் நானும் இறங்கினேன். ஆட்டோக்காரர் முதலில் ஒரு செல்பி எடுத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். வளைவுக்கு வளைவு மூட்டை என் மேல் சாய, கல்யாணம் அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டே வந்தேன். வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

சர்ச் வாசல் படிகளில் பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தப்பு ஓரமாகக் கிடந்தது. மாமனார் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஒரு சின்னப் பெண் எழுந்து வந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லவுல வெள்ளக்காரப் புள்ளைங்களுக்குக் குடுக்கப் போனீங்களா தாத்தா? எங்களுக்கு மிச்சம் இருக்குங்களா?"

குறையாகச் சொல்லவில்லை அவள். அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தவள் போலச் சாதாரணமாகக் கேட்டாள். மூட்டையை அவள் முன்னால் வைத்து அவிழ்த்தேன்.

"யாருக்கும் ஒன்னுகூடக் குடுக்கலம்மா. எல்லாம் ஒங்களுக்குத்தான்."

அதற்குப் பிறகு அங்கே எழுந்த சத்தத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. கடைசிப் பொட்டலம் போன பிறகு மாமனார் என் பக்கத்தில் வந்தார். வாடிய மாலையை என் கழுத்தில் போட்டார்.

"மூட்டைய பத்தரமாக் கொண்டாந்துட்டீங்க. எம் பொண்ணையாவது சரியான எடத்துல எறக்கிவிடுங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. அடுத்த நத்தாருக்கு, அனுபவப்பட்ட குழு என்னை ஒதுக்கிவிட்டு என் மச்சானுக்கு வேஷம் போட்டது. அவன் தெமோதரையில் அழகாக, கௌரவமாக இறங்கினான். பிள்ளைகள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இவர் பொய்த் தாத்தாவாம். நெசமான தாத்தா தெமோதரையில் இறங்க மாட்டாராம். கையாட்டிக்கொண்டே எல்லவுக்குப் போய், அங்கே ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்காமல், ஆட்டோ பிடித்து இவர்களிடம்தான் திரும்பி வருவாராம்.

வேறு வழியில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் என் மானம் போன கதையை நானே நடித்துக் காட்டுகிறேன். மாமனாருக்கு முழங்கால் வலி இருந்தாலும், மாலையோடு ரயிலைத் துரத்துகிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. என் வயிற்றில் தலையணையைக் கட்டுகிற வேலை இப்போது ஸ்டெல்லாவுடையது. (தலையணை வரவர மெலிந்துகொண்டே போகிறது, காரணம் கேட்காதீர்கள்.) போன டிசம்பரிலும் கட்டி முடித்து, தாடியைச் சரிசெய்து, வாசல் வரை வந்து வழக்கம்போலச் சொன்னாள்.

"கவனமாப் போயிட்டு வாங்க. மறந்துபோய்த் தெமோதரையில எறங்கிறாதீங்க."